லிஃப்ட் பள்ளத்தில் எலுமிச்சம்பழம்

புது வண்டி வாங்கினால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்குவது எங்கள் பக்கத்து வழக்கம். சைக்கிளாக இருந்தாலும் சரி, கரும்பு லாரியாக இருந்தாலும் சரி. பாகூர் மெயின் ரோட்டில் நாங்கள் கட்டிய மூன்று மாடிக் கட்டடத்துக்கு லிஃப்ட் வந்தபோது, அதுவும் ஆளை ஏற்றிக்கொண்டு போகிற வண்டிதானே என்று என் மனைவி ஒரு பழத்தோடு வந்து நின்றாள். லிஃப்டுக்குச் சக்கரம் எங்கே இருக்கிறது என்று தேடினோம். வெளியே தெரிகிற மாதிரி ஒன்றும் இல்லை. எப்படியும் அது கீழே இறங்கித்தானே ஆக வேண்டும், இறங்குகிற பள்ளத்தில் பழத்தைப் போட்டுவிடலாம் என்று முடிவானது. லிஃப்டை மேலே அனுப்பிவிட்டு, கீழ்த்தளத்துக் கதவை மெக்கானிக் கொடுத்திருந்த முக்கோணச் சாவியால் திறந்து, பழத்தைப் பள்ளத்துக்குள் போட்டேன். லிஃப்ட் இறங்கி வந்து நின்றது.

"நசுங்குச்சா?" என்றாள்.

நான் முப்பத்திரண்டு வருஷம் அரசுப் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன். லிஃப்ட் பள்ளத்தின் தரையைத் தொடாது, தொட்டால் அதற்குப் பெயர் விபத்து என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் நல்ல நாளும் அதுவுமாக வீட்டில் வாக்குவாதம் வேண்டாம் என்று பார்த்தேன். "நசுங்குச்சு" என்றேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் பள்ளத்தில் ஒரு பழம் விழுந்தது. முக்கோணச் சாவி பூஜை அறை ஆணியில், பீரோ சாவிக்குப் பக்கத்தில் தொங்கியது. அந்தச் சாவி கையில் இருந்தால், லிஃப்ட் வேறு மாடியில் நிற்கும்போதுகூட எந்தத் தளத்தின் கதவையும் திறக்கலாம், திறந்தவர் அப்படியே உள்ளே விழவும் செய்யலாம். இதையும் நான் அறிவேன். அறிவதில் நான் எப்போதும் குறை வைத்ததில்லை.

கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு மருந்துக் கடையும் ஓர் உரக் கடையும் இருந்தன. முதல் மாடியில் டியூஷன் சென்டர். இரண்டாம் மாடியில் பாதி காலி, பாதி டெய்லர் கடை. மூன்றாம் மாடிக்கு யாரும் வாடகைக்கு வரவில்லை, ஆகவே உரிமையாளராகிய நாங்கள் வந்தோம்.

அந்த டெய்லர் ஒரு பெண். ஏம்பலத்திலிருந்து இரண்டு பக்கமும் சக்கரம் வைத்த ஸ்கூட்டியில் வருவாள். சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பியது. காலுக்கு இரும்புப் பட்டை, கையில் ஓர் ஊன்றுகட்டை. கடையைப் பார்க்க வந்த அன்று வாடகை, தண்ணீர், மீட்டர் எதைப் பற்றியும் பேசவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"லிஃப்ட் எப்பவும் ஓடுமா சார்?"

"ஓடும்மா. ஏதாவதுன்னா நான்தான் மேல இருக்கேனே" என்றேன்.

இதைச் சொல்லும்போது எனக்கு என்மேலேயே ஒரு மரியாதை வந்தது. வீட்டுக்காரன் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே படியேறினேன். லிஃப்டில் போயிருக்கலாம். உணர்ச்சி வேகத்தில் மறந்துவிட்டேன்.

அவள் கை நல்ல கை. ஒரே வருஷத்தில் பாகூர், கிருமாம்பாக்கம், அந்தப் பக்கம் நெட்டப்பாக்கம் வரைக்கும் கல்யாணப் பெண்கள் அவளிடம்தான் பிளவுஸ் தைக்க வந்தார்கள். முதல் வருஷம் என் மனைவி மூன்று மணிக்கு டீ போட்டால் அவளுக்கும் ஒரு டம்ளர் கீழே போகும். பிறகு ஒரு நாள் "டீ வேணாம்மா" என்று சொல்லிவிட்டாள். மறுநாளும் வேண்டாம். அதற்குப் பிறகு எப்போதுமே வேண்டாம்.

"நாலு பேரு கொண்டாடுறாங்கன்னதும் மப்பு வந்துடுச்சு" என்றாள் என் மனைவி. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

இன்னொன்றையும் கவனித்திருந்தேன். லிஃப்டில் ஏறும்போது அவள் கையில் எப்போதும் ஒரு துணிப்பை இருக்கும். அதில் கொக்கி வைக்காத இரண்டு மூன்று பிளவுஸ், ஊசி நூல், சின்ன டார்ச் லைட். லிஃப்டில்கூட நேரத்தை வீணாக்காத பெண் என்று டியூஷன் சென்டர் பிள்ளைகளிடம் அவளை உதாரணமாகக் காட்டினேன். அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். மாலையில் லிஃப்டில் ஏறி அவசர மணியை அடித்தார்கள்.

அந்த மணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். லிஃப்டுக்குள் சிவப்பு மணி போட்ட ஒரு பொத்தான் உண்டு. யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால் அதை அழுத்த வேண்டும். மணி அடிக்கிற பெட்டியை மூன்றாம் மாடியில், என் வீட்டு வாசலுக்கு நேர் எதிரே மாட்டச் சொன்னது நானேதான். நான்தான் மேலே இருக்கிறேனே. டியூஷன் பிள்ளைகள் தினமும் ஐந்து மணிக்கு வரும்போது ஒரு தடவை, ஏழு மணிக்குப் போகும்போது ஒரு தடவை அடித்தார்கள். முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூட மணிக்கு எழுந்து, மணிக்கு உட்கார்ந்து, மணிக்குச் சாப்பிட்டவன் நான். ஓய்வு பெற்றதில் எனக்கு இருந்த ஒரே லாபம் இனி மணி இல்லை என்பதுதான். இரண்டு வாரம் பொறுத்தேன். பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறி, ஒரு ஒயரைக் கழற்றி, நுனியில் டேப் சுற்றித் தொங்கவிட்டேன். வீடு அமைதியானது.

பேட்டரி கதை வேறு. கரண்ட் போனால் லிஃப்டைப் பக்கத்து மாடிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துக் கதவைத் திறந்துவிட ஒரு பேட்டரி இருக்கும். ஒரு புயலின்போது மூன்று நாள் கரண்ட் இல்லை, வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியும் அந்த நேரம் பார்த்துச் செத்தது. லிஃப்ட் பேட்டரியைக் கழற்றி இன்வெர்ட்டரில் மாட்டினோம். கரண்ட் வந்ததும் திருப்பி மாட்டிவிடுவதாக இருந்தோம். கரண்ட் வந்தது, எங்களுக்குத்தான் ஞாபகம் வரவில்லை.

மாதம் ஒரு முறை டவுனிலிருந்து ஒரு மெக்கானிக் வந்துகொண்டிருந்தார். ஐம்பது வயது, பேசாத மனிதர். மொட்டை மாடியில் மெஷின் அறைக்குள் போவார், துடைப்பார், எண்ணெய் விடுவார், டீ குடிப்பார், கார்டில் கையெழுத்துப் போடுவார். பள்ளத்தில் விளக்கு இல்லாததால் அங்கே அவர் எட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. துடைப்பதற்கு எனக்கும் கை இருக்கிறதே என்று யோசித்து அவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பிறகு துடைக்கவும் இல்லை. மெஷின் அறை சூடாக, காய்ந்த காற்றோடு இருந்ததால், ஏம்பலத்து நிலத்துக்கு விதைக்க வைத்திருந்த மல்லாட்டை மூட்டைகளை, அதாவது வேர்க்கடலையை, என் மனைவி அங்கே அடுக்கினாள். பூச்சி அண்டவில்லை. லிஃப்டால் விவசாயத்துக்கும் உபயோகம் உண்டு என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த நோட்டீஸ் வந்தது. லிஃப்ட் வைத்திருக்கும் கட்டட உரிமையாளர்கள் அதைச் சோதனைக்கு உட்படுத்திச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும், பராமரிப்புப் பதிவேடு வைத்திருக்க வேண்டும், இன்னும் என்னென்னவோ வேண்டும். படித்தேன். ஃபிரிட்ஜுக்கு மேலே வைத்தேன். அங்கே ஏற்கெனவே சில நோட்டீஸ்கள் இருந்தன, அதனால் துணைக்குக் குறைவில்லை.

மார்கழி பிறந்த முதல் வாரம் இன்ஸ்பெக்டர் வந்தார். நாற்பது வயதுப் பெண்மணி. சுடிதார், கான்வாஸ் ஷூ, தோளில் ஒரு பை, அதில் டார்ச், டேப், ஒரு கட்டுப் படிவம். கூடவே அவருடைய உதவியாளர் ஒருவர். அதிகாரிகளைச் சமாளிக்க என்னிடம் ஒரு முறை உண்டு. ஊர்ப் பக்கம் வருகிற ஆபீஸர்களில் பாதிப்பேர் எங்கேயாவது என்னிடம் படித்தவர்களாக இருப்பார்கள்.

"எந்த ஸ்கூல்ல படிச்சீங்கம்மா?"

"காரைக்கால் சார்."

கடற்கரையோரம் அவ்வளவு தூரம் தள்ளி ஏன் ஒரு காரைக்காலை வைத்தார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் கோபம் வந்தது.

அவர் முதலில் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். பூஜை அறையிலிருந்து எடுத்துவந்து கொடுத்தேன். அதன்மேல் சந்தனம் குங்குமம் இருந்தது. அதைப் பார்த்தார், எழுதிக்கொண்டார். லிஃப்டை மேலே நிறுத்திவிட்டுப் பள்ளத்தின் கதவைத் திறந்து டார்ச் அடித்தார்.

பாகூர் ஏரி நிரம்பினால் எங்கள் தெருவில் கிணறு மட்டும் ஊறுவதில்லை, லிஃப்ட் பள்ளமும் ஊறும். முழங்காலுக்குக் கீழே தண்ணீர் நின்றது. அதில் நாலைந்து எலுமிச்சம்பழங்கள், ஒன்று மஞ்சளாக, மற்றவை கறுப்பாக. டார்ச் வெளிச்சத்தில் ஏதோ ஓடியது.

"மீனா சார் அது?"

"கம்பூசியா" என்றேன். "கொசு வருதுன்னு சுகாதாரத் துறையில இருந்து வந்து விட்டுட்டுப் போனாங்க. டெங்குக்கு."

அவர் கொஞ்ச நேரம் மீன்களைப் பார்த்தார். "பழம்?"

"திருஷ்டிக்கு."

"சார் என்ன சப்ஜெக்ட் நடத்துனீங்க?"

"தமிழ்" என்றேன்.

"பிசிக்ஸ்" என்றாள் பின்னால் நின்ற என் மனைவி.

படிவத்தில் பள்ளத்தில் கிடக்கும் வேண்டாத பொருட்கள் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் அவர் பொறுமையாக, எலுமிச்சம்பழம் ஐந்து, மீன்கள் என்று எழுதினார். மொத்தம் ஏழு போட்டோம், மீதி இரண்டு கரைந்திருக்க வேண்டும். மீன்களை அவர் எண்ணவில்லை.

மெஷின் அறையில் மல்லாட்டை மூட்டைகளுக்கு நடுவே நடந்து போனார். பேட்டரி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஊறுகாய் ஜாடி இருந்தது. கீழே வந்து எங்களை வரிசையாக நிற்க வைத்துக் கேட்டார். நான், என் மனைவி, மருந்துக் கடைக்காரர், சத்தம் கேட்டு லிஃப்டில் இறங்கி வந்திருந்த டெய்லர்.

"யாராவது எப்பவாவது உள்ள மாட்டிக்கிட்டீங்களா?"

"இல்லவே இல்ல" என்றேன் முதல் ஆளாக.

மருந்துக் கடைக்காரர் மாடிக்கே போனதில்லை என்றார். இன்ஸ்பெக்டர் டெய்லரைப் பார்த்தார். அவள்தான் தினமும் போகிறவள்.

"இல்ல மேடம். நல்லா ஓடுது" என்றாள் அவள்.

எனக்கு அவள்மேல் பாசம் பொங்கியது. இன்ஸ்பெக்டர் லிஃப்டுக்குள் போய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு முறை, நன்றாக அழுத்திப் பிடித்தார். எல்லோரும் மேலே நிமிர்ந்து பார்த்தோம். என் மனைவி என்னைப் பார்த்தாள். மருந்துக் கடைக்காரர் ஆச்சரியப்பட்டார். டெய்லர் மட்டும் ஆச்சரியப்படவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வகுப்பில் விடை தெரிந்தும் கை தூக்காத பிள்ளைகளின் முகத்தை எனக்கு அடையாளம் தெரியும். அது என்ன விடை என்று யோசிக்கத்தான் எனக்கு அப்போது நேரமில்லை.

இன்ஸ்பெக்டர் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டி, 'இயக்கக் கூடாது' என்று ஒரு தாளை லிஃப்ட் கதவில் ஒட்டினார். குறைகளையெல்லாம் சரிசெய்து எழுதிக்கொடுத்தால் மறுபடி வந்து பார்ப்பதாகச் சொன்னார். அதட்டவில்லை, மிரட்டவில்லை. இரண்டில் ஒன்று செய்திருந்தால் நான் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன், மனசு கொஞ்சம் லேசாகியிருக்கும்.

மறுநாள் காலை டெய்லர் வந்தாள். லிஃப்ட் கதவில் இருந்த தாளைப் படித்தாள். மார்கழி முழுக்கத் தைத்தால்தான் தை மாத முகூர்த்தங்களுக்குத் துணி கொடுத்து முடியும். பெட்டி நிறைய மாப்பிள்ளை வீட்டுப் பட்டும் பெண் வீட்டுப் பட்டும் இரண்டாம் மாடியில் இருந்தன. தையல் மெஷினைக் கீழே மீட்டர் பெட்டிப் பக்கம் இறக்கிப் போடட்டுமா என்று கேட்டேன். ரோட்டைப் பார்க்க நின்று எந்தப் பெண் அளவு கொடுப்பாள் என்று அவள் திருப்பிக் கேட்டாள். பிறகு இரும்புப் பட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். கட்டையையும் கொடுத்தாள். முதல் படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, கைகளை ஊன்றி, அடுத்த படிக்கு ஏறினாள்.

இரண்டாம் மாடிக்கு நாற்பத்திரண்டு படி. நான் பட்டையையும் கட்டையையும் தூக்கிக்கொண்டு பின்னாலேயே, இல்லை, அவள் பார்வைக்கு முன்னாலேயே ஏறினேன். அவள் பின்பக்கமாக ஏறியதால் இருவரும் முகத்தைப் பார்த்தபடியே போக வேண்டியிருந்தது. உதவி செய்யட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்றாள். பார்க்காமல் இருக்கலாம் என்றால் பார்க்க வேறு ஒன்றும் இல்லை. முதல் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நிறுத்தினாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ரெண்டு வாட்டி மாட்டிகினேன் சார்" என்றாள்.

நான் பட்டையை மறு கைக்கு மாற்றினேன்.

"மொத வாட்டி அஞ்சு நிமிசந்தான். ரெண்டாவது வாட்டி ஒன்னரை மணி நேரம். தோ, இந்தச் செவுத்துக்கு அந்தாண்ட. மதியானம் ரெண்டரை இருக்கும். கரண்ட் வந்தப்பறம் அதுவா மேல போச்சு."

"போன் பண்ணலியாம்மா?"

"உள்ள டவர் எடுக்கல. கதவத் தட்டனேன். ரோட்டுல லாரி போற சத்தத்துல யாருக்குக் கேக்கும்? டியூசன் புள்ளைங்களும் அஞ்சு மணிக்குத்தான வருது."

"பெல்லு?"

"அடிச்சேன் சார்."

அவள் தன் வலது கை கட்டைவிரலைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

"இருட்டுல ஒக்காந்துகினு இருந்தேன். ஒன்னுக்கு வந்துடுச்சு சார். அதான் கஷ்டமா போச்சு. அன்னிக்கு மூணு மணி டீய முன்னாடியே குடிச்சிட்டு எறங்கினேன், கீழ நூலு வாங்கியாந்துட்டு ஏறறப்ப நின்னுச்சு. அப்பறம் டீ குடிக்கறத வுட்டுட்டேன். தண்ணியும் ஏம்பலத்துல வூட்டுக்குப் போய்தான் குடிக்கறது. டார்ச்சும் நாலு பிளவுசும் பையில வெச்சிகினா, மாட்டிகினாலும் வேலயாவது ஓடும்."

அன்றைக்கு மதியம் ரெண்டரை மணிக்கு நான் எங்கே இருந்தேன் என்று எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ரெண்டிலிருந்து நாலு வரை நான் தூங்குகிறவன். கரண்ட் போனாலும் என் ஃபேன் நிற்காது, இன்வெர்ட்டர் உண்டு. அந்த இன்வெர்ட்டரில் இருந்தது அவளை ஒரு நிமிஷத்தில் வெளியே விட்டிருக்கக்கூடிய பேட்டரி. எனக்குத் தலைக்கு மேலே காற்றும், வாசலில் அமைதியும் இருந்தன. இரண்டும் அவளுடையவை. வெட்கத்தில் எனக்கு அந்தப் படியிலேயே உட்கார வேண்டும்போல் இருந்தது. அவளுடைய பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்வது சரியாக இருக்காது என்பதால் நின்றேன்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா இன்னா சார் பண்ணுவீங்க? பயந்துகினு லிஃப்ட்ட நிறுத்திப்புடுவீங்க. அது நின்னுச்சுன்னா எனுக்குக் கட ஏது? ஏம்பலத்து வூட்டுல ஒக்காந்து தச்சா எவ வரப்போறா? அதான் நேத்தும் அந்த மேடத்துகிட்ட இல்லன்னு சொன்னேன். சொல்லியும் நிறுத்திட்டாங்க."

முப்பத்திரண்டு வருஷம் நடத்திய பாடத்தில் இது எதுவும் இல்லை. நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

"அந்தப் பெல்லு ஒயர நான்தாம்மா கழட்டுனேன். பேட்டரியும் நான்தான்."

"பேட்டரி தெரியாது" என்றாள். "பெல்லு தெரியும் சார். அம்மாவுக்குப் பிளவுஸ் குடுக்க மேல வந்தப்ப பாத்தேன். ஒயரு தொங்கிகினு இருந்துச்சு. பச்ச டேப்பு சுத்தி. உங்க வூட்டுக் காலிங்பெல்லுலயும் அதே பச்ச டேப்பு."

இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. துணியில் எங்கே கிழிந்திருக்கிறது என்று காட்டுகிற மாதிரி சொன்னாள். பிறகு கைகளை ஊன்றி அடுத்த படிக்கு ஏறினாள்.

மார்கழி முழுக்க ஒரு நாளைக்கு ஒரு முறை ஏறி ஒரு முறை இறங்கினாள். மதியச் சாப்பாட்டுக்குக்கூட இறங்கவில்லை. நான் என் வாழ்நாளில் காட்டாத சுறுசுறுப்பைக் காட்டினேன். பழைய மெக்கானிக்கை போனில் கூப்பிட்டு, இத்தனை வருஷம் என்ன பார்த்தீர்கள் என்று சத்தம் போட்டேன். "நீங்கதான சார் வராதன்னீங்க" என்றார். அதுவும் சரிதான் என்பதால் குரலைத் தாழ்த்தினேன். அவர் அன்றே வந்தார். இந்த முறை டீக்கு முன்னாலேயே பள்ளத்தைப் பார்த்தார்.

தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்து, ஊறாதபடி பள்ளத்தைப் பூசினோம், விளக்குப் போட்டோம். மீன்களை வாளியில் பிடித்து மொட்டை மாடி அல்லித் தொட்டியில் விட்டாள் என் மனைவி. எலுமிச்சம்பழங்களை நான் ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். ஒன்றுகூட நசுங்கியிருக்கவில்லை. அவள் எல்லாவற்றையும் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"நசுங்குச்சுன்னீங்க?"

"லிஃப்ட் எப்பவும் ஓடும்னும்தான் சொன்னேன்" என்றேன்.

மல்லாட்டை மூட்டைகள் வீட்டுக் கூடத்துக்கு வந்தன. பேட்டரி திரும்பிப் போனது. மதியம் கரண்ட் போனால் எனக்கு வேர்த்தது, வேர்க்கட்டும் என்று கிடந்தேன். முக்கோணச் சாவியை மெக்கானிக்கிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கினேன். மணி ஒயரை மாட்ட அவர் ஸ்டூலில் ஏறப் போனபோது நான் தடுத்தேன். நானே ஏறி, பச்சை டேப்பைப் பிரித்து, நானே மாட்டினேன். அதில் பெரிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை. கழற்றவும் இருந்திருக்கவில்லை.

பொங்கலுக்கு ஐந்து நாள் இருக்கும்போது இன்ஸ்பெக்டர் மறுபடி வந்தார். உள்ளே நின்று மெயின் சுவிட்சை அணைக்கச் சொன்னார். லிஃப்ட் ஒரு கணம் யோசித்தது, மெதுவாக முதல் மாடிக்கு இறங்கிக் கதவைத் திறந்தது. மணியை அழுத்தினார். மருந்துக் கடைக்காரர் ரோட்டுக்கே ஓடிவந்துவிட்டார். பள்ளத்தில் டார்ச் அடித்து ரொம்ப நேரம் பார்த்தார். மீன்களை எதிர்பார்த்தாரோ என்னவோ. அப்புறம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

"அடுத்த வருஷம் ஞாபகம் வெச்சு நீங்களே எழுதுங்க சார். நோட்டீஸ் வர்ற வரைக்கும் இருக்காதீங்க."

"சரிங்கம்மா" என்றேன். தலைமை ஆசிரியரிடம்கூட நான் இவ்வளவு பணிவாகப் பேசியதில்லை.

சான்றிதழைக் கண்ணாடி போட்டு லிஃப்டுக்குள் மாட்டினோம். என் மனைவி கற்பூரம் காட்டினாள். பழத்தை எங்கே போடுவது என்று கேட்டாள். பள்ளத்தில் இனி தூசிகூட விழக்கூடாது என்றேன். அவள் கொஞ்சம் யோசித்து, வாசலில் நின்ற டெய்லரின் ஸ்கூட்டிக்கு அடியில் வைத்தாள். அதற்குச் சக்கரத்துக்குப் பஞ்சமில்லை. அன்று சாயங்காலம் டெய்லர் கிளம்பியபோது பழம் பட்டென்று நசுங்கியது. ஏழு வருஷத்தில் முதல் பழம்.

மறுநாள் டெய்லர் வழக்கம்போல் லிஃப்டில் போனாள். பையில் டார்ச் இருந்தது. பிளவுஸ்களும் இருந்தன. நான் கவனித்தேன். ஒரு தாளைக் கண்ணாடி போட்டு மாட்டிவிட்டதால் ஒருவர் பையிலிருந்து டார்ச்சை எடுத்து வைத்துவிட மாட்டார்.

அன்று மதியம் சாப்பிட்டுப் படுத்தேன். கண் அசந்திருப்பேன். மணி அடித்தது.

டியூஷன் பிள்ளைகள் ஐந்து மணிக்குத்தான் வருவார்கள். சுவர்க் கடிகாரம் ரெண்டரை காட்டியது. கைலியை இறுக்கிக் கட்டக்கூட நிற்காமல், ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஓடினேன். செருப்பு இல்லை, கண்ணாடி இல்லை. படியில் என் முழங்கால் இரண்டும் கத்தின. லிஃப்ட் எந்த இரண்டு மாடிகளுக்கு நடுவே நிற்கிறதோ, மெக்கானிக் வர எவ்வளவு நேரமாகுமோ, அவள் டீ குடித்திருப்பாளோ என்றெல்லாம் நினைத்துக்கொண்டே ஓடினேன். மணி நிற்கவில்லை.

இரண்டாம் மாடியில் லிஃப்ட் கதவு திறந்தபடி இருந்தது. உள்ளே அவள் கட்டையை ஊன்றி நின்றுகொண்டு, வலது கை கட்டைவிரலால் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் விரலை எடுத்தாள்.

"இன்னாம்மா? இன்னா ஆச்சு?"

"ஒன்னும் இல்ல சார். வர்றீங்களான்னு பாத்தேன்."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அவள் என் வெறும் காலையும், கைலியையும், இரைத்துக்கொண்டிருந்த நெஞ்சையும் அவசரப்படாமல் பார்த்து முடித்தாள். அளவு எடுக்கும்போது அவள் அப்படித்தான் பார்ப்பாள்.

"அம்மாவ எனுக்கும் ஒரு டீ போடச் சொல்லுங்க சார்" என்றாள். "குடிச்சிட்டு லிஃப்ட்டுலயே எறங்கறேன்."